பதிவுச் சான்றுக்குள் அடங்காத வாகனம்: பிரிவு 52 பற்றிய தீர்ப்பும் பிற நாடுகளின் வழிகளும்

வழக்கு

2019 ஜனவரி 9 அன்று, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்தவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். எதிர்த்தரப்பில் நின்றவர் ஒரு வாகன உரிமையாளர். வாங்கிய வண்டியின் கட்டமைப்பை உரிமையாளர் மாற்றிவிட்டால், அந்த மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. 1989-ஆம் ஆண்டின் கேரள மோட்டார் வாகன விதிகள் அதற்கு இடம் தருவதாகக் கொண்டு, கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உரிமையாளர் பக்கம் நின்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாநில விதி நாடாளுமன்றச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றும், தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து வாகனம் விலகும்படியான எந்த மாற்றத்தையும் பதிவு அதிகாரி அனுமதிக்க முடியாது என்றும் அது தீர்த்தது.

அன்றிலிருந்து, உயர்த்திய ஜீப்பையோ அகன்ற டயரையோ சாலையில் நிறுத்தும் அதிகாரிகள் இந்தத் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். தீர்ப்பு சட்டத்தின் சொற்களைச் சரியாகவே வாசித்தது என்பது என் கருத்து. ஆராய வேண்டியது அந்தச் சொற்களைத்தான். வாகன மாற்றத்தைக் கட்டுப்படுத்தாத நாடு ஏறத்தாழ இல்லை. ஆனால் எதைக் கேட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. இந்தியச் சட்டம் “தயாரித்தவர் என்ன எழுதினார்” என்று கேட்கிறது. வேறு பல நாடுகள் “இப்போது ஓடும் இந்த வண்டி பாதுகாப்பானதா, அதை யார் பார்த்துச் சொன்னார்” என்று கேட்கின்றன. மாற்றம் செய்ய விரும்பும் நேர்மையான உரிமையாளருக்கு ஒரு வழி உண்டா இல்லையா என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

பிரிவு 52 நடந்து வந்த பாதை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிவு 52 இன்றுள்ளதைப் போல மூடியதாக இல்லை. பதிவுச் சான்றின் விவரங்கள் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்ற விரும்புபவர் முன்கூட்டியே பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் அது சொன்னது. வேலைச் சுமையில் மூழ்கிய ஓர் அலுவலகத்தில் ஏழு நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். எவரும் பார்க்காத மாற்றம், எவரும் மறுக்காததால் மட்டுமே சட்டப்படியானதாகிவிடும் ஆபத்து அந்த வாசகத்திலேயே இருந்தது.

2000-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் திருத்தச் சட்டம் இந்த அமைப்பை அடியோடு மாற்றியது. பதிவுச் சான்றின் விவரங்கள் “தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து” வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்ற நேரடித் தடை வந்தது. கூடுதல் எடையைத் தாங்கும் டயர்களைப் பொருத்துவதும் தடுக்கப்பட வேண்டிய மாற்றம் என்று அந்த மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே சொல்லப்பட்டது. பாரம் ஏற்றும் லாரிகளே அன்று சட்டமியற்றியவர்களின் கண் முன் நின்றன என்பதை இது காட்டுகிறது. அளவுக்கு மீறிய பாரத்தோடு, அதற்கேற்ப டயரையும் ஸ்பிரிங் பட்டைகளையும் கூட்டிக்கொண்டு, ஆனால் பிரேக்கை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டு ஓடும் லாரி எப்படிப்பட்ட ஆபத்து என்பது நெடுஞ்சாலையில் பயணம் செய்த எவருக்கும் தெரியும். அந்தக் கவலையை நான் முழுவதும் ஏற்கிறேன்.

தடையோடு சில விலக்குகளும் வைக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவியைப் பொருத்தி இயற்கை எரிவாயு போன்ற வேறு எரிபொருளுக்கு மாறலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவர், மாநில அரசின் அனுமதிக்கு உட்பட்டு, அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம். வண்ணத்தை மாற்றுவதும் சிறு பொருத்துதல்களும் இந்தத் தடைக்குள் வருவதில்லை என்று 2019 தீர்ப்பும் புரிந்துகொண்டது. அவற்றைப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ளும் நடைமுறை தொடர்கிறது.

பிரிவின் இறுதியில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. வாகனத்தின் “அடிப்படை அம்சத்தில்” மாற்றத்தை விளைவிக்கும் கட்டமைப்பு மாற்றமே இப்பிரிவின்படி மாற்றம் ஆகும் என்று அது கூறுகிறது. அடிப்படை அம்சம் எது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. சாலையோரத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களின் மேல்தான் நடக்கின்றன.

2019-இல் தீர்ப்புக்குப் பின் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. புதிய 182அ பிரிவின்படி, அனுமதியற்ற முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே குற்றத்தைத் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம். அத்தோடு, மாற்றங்களுக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றும், அப்படி வகுத்த முறைப்படி செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாமல் போகாது என்றும் ஒரு வரி பிரிவு 52-இல் சேர்ந்தது. அந்த வரிக்குப் பின்னர் வருகிறேன்.

ஒரே ஜீப், மூன்று மாற்றங்கள்

ஒப்பீடு காற்றில் நிற்காமலிருக்க, ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தனிநபருக்குச் சொந்தமான, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி. அதன் உரிமையாளர் மூன்று காரியங்கள் செய்ய விரும்புகிறார்: ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்துவது, ஓர் அளவு பெரிய டயரும் அலாய் வீலும் போடுவது, சைலென்சரை வேறொன்றாக மாற்றுவது.

இந்தியாவில் முதல் இரண்டும் இருட்டில் நிற்கின்றன. தனிநபர் காரின் பதிவுச் சான்றில் வண்டியின் வகை, உடற்கட்டு, இருக்கைகள், சக்கர இடைவெளி, எடை, எரிபொருள், எஞ்சின் மற்றும் சேஸிஸ் எண்கள் போன்றவை இருக்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அதில் ஒரு விவரமாகவே இடம்பெறுவதில்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால், 50 மில்லிமீட்டர் உயர்த்தியதால் சான்றின் எந்த வரியும் பொய்யாவதில்லை. ஆனால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்டது, ஸ்டீயரிங் இணைப்புகளின் கோணம் மாறிவிட்டது, விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும் உயரமும் மாறிவிட்டது. இது அடிப்படை அம்சம்தான் என்று ஓர் ஆய்வாளர் சொன்னால் அவரைத் தவறு என்று சொல்ல முடியாது. இது சான்றில் இல்லாத விவரம் என்று உரிமையாளர் சொன்னால் அவரையும் எளிதில் மறுக்க முடியாது. இருவரும் போய் நிற்கக்கூடிய ஒரு மேசை, அளந்து பார்த்து “இது ஆகும், இது ஆகாது” என்று எழுதித் தரும் ஒரு பொறியாளர், இந்த அமைப்பில் இல்லை என்பதுதான் உண்மையான குறை.

சைலென்சரின் நிலை தெளிவானது. ஒலி வரம்பை மீறுவது பிரிவு 190(2)-இன்படித் தனிக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு ஆகியவை அதற்கு உண்டு. மாற்றிய சைலென்சர்களைக் குவித்து வைத்து ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சியைப் பல நகரங்களின் காவல் துறை அவ்வப்போது செய்திக்குத் தருகிறது. நோயாளியும் குழந்தையும் உறங்கும் தெருவில் அந்த ஓசையைக் கேட்டவர்கள் அதை வரவேற்பதில் வியப்பில்லை.

அதே வண்டி ஜெர்மனியில்

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து அனுமதி ஒழுங்குமுறையில் 19-ஆம் பிரிவுதான் இதற்கு விடை தருகிறது. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் இயக்க அனுமதி ஒன்று உண்டு. மூன்று சூழல்களில் அந்த அனுமதி தானாகவே அற்றுப்போகும்: அனுமதிக்கப்பட்ட வாகன வகையே மாறினால், சாலையில் செல்வோருக்கு ஆபத்து எதிர்பார்க்கத்தக்கதாக இருந்தால், அல்லது புகையோ ஓசையோ மோசமானால். தயாரிப்பாளர் எழுதிய காகிதத்திலிருந்து விலகியதா என்று மட்டும் பார்க்காமல், விலகியதால் என்ன நேர்ந்தது என்று இந்த மூன்றும் பார்க்கின்றன.

நம் ஜீப்பின் உரிமையாளருக்கு அங்கே மூன்று கதவுகள் உண்டு. பாகத்துக்கே பொது அனுமதி இருந்தால், அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்துப் பொருத்திவிட்டு, அந்த ஆவணத்தை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். பாகத்துக்கு ஆய்வறிக்கை மட்டும் இருந்தால், பொருத்திய உடனே வண்டியை ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோய், சரியாகப் பொருத்தப்பட்டுள்ளது என்ற உறுதிச் சான்றைப் பெற வேண்டும். எந்த ஆவணமும் இல்லாத பாகமானால், 21-ஆம் பிரிவின்படி அந்த ஒரே வண்டிக்கான தனி ஆய்வு நடக்கும். உயர்த்திய ஸ்பிரிங்கும் அகன்ற டயரும் ஒன்றாக வரும்போது, சக்கரம் முழுதும் திரும்பிய நிலையிலும் ஸ்பிரிங் முழுதும் அமுங்கிய நிலையிலும் டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பொறியாளர் நேரில் பார்க்கிறார். தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டு பாகங்கள் சேர்ந்தால் பாதுகாப்பற்றதாகலாம் என்பதை அந்த அமைப்பு அறிந்திருக்கிறது.

இந்த வேலையைச் செய்யும் தூஃப் அமைப்புகளின் பிறப்பு எனக்கு எப்போதும் கருத்துக்குரியதாகப் படுகிறது. 1865-இல் மான்ஹைம் நகரின் மதுவடிப்பாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்ததைத் தொடர்ந்து, 1866-இல் தொழில் முனைவோரே கூடி, கொதிகலன்களைப் பார்வையிடப் பொறியாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கார்கள் வருமுன்பே பிறந்த அந்தச் சங்க மரபுதான் பின்னாளில் வண்டிகளுக்கும் வந்தது. அரசு அலுவலகத்துக்கும் தயாரிப்பாளருக்கும் வெளியே நிற்கும் ஒரு நிபுணரின் கையெழுத்துக்கு மதிப்புத் தரும் பழக்கம் அங்கே ஒன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது. அதை ஒரே சட்டத்திருத்தத்தால் வேறு நாட்டில் நட்டுவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜப்பானின் அளவுகோல்

ஜப்பான் 1995-இல் தன் விதிகளைத் தளர்த்தியபோது எண்களைக் கையில் எடுத்தது. சான்றிலுள்ள அளவிலிருந்து நீளத்தில் 3 சென்டிமீட்டர், அகலத்தில் 2 சென்டிமீட்டர், உயரத்தில் 4 சென்டிமீட்டர், சிறு வண்டிகளின் எடையில் 50 கிலோ, சாதாரண வண்டிகளின் எடையில் 100 கிலோ வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதற்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். தாண்டினால் கட்டமைப்பு மாற்ற ஆய்வுக்குப் போக வேண்டும். இதோடு “குறித்த பாகங்கள்” என்ற பட்டியலும் உண்டு. அதிலுள்ளவற்றை எளிதில் கழற்றக்கூடிய முறையிலோ போல்ட்டாலோ பொருத்தினால், அளவு வரம்பைத் தாண்டினாலும் அந்த ஆய்வு தேவைப்படுவதில்லை. சுருள் ஸ்பிரிங் பட்டியலில் இருக்கிறது, பட்டை ஸ்பிரிங் இல்லை. ஆகவே நம் ஜீப்பில் எந்த வகை ஸ்பிரிங் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை மாறும். தாழ்த்துபவர்களுக்கும் எல்லை உண்டு: தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

தளர்வு என்பது கைவிடல் அல்ல என்பதை அந்நாட்டின் பிற்காலச் சட்டம் காட்டுகிறது. பாதுகாப்புத் தரத்துக்குப் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்றுவதே அங்கே தனிக் குற்றமாக்கப்பட்டது. மாற்றிய பட்டறைக்காரரும் அதில் சிக்குவார். சக்தி வாய்ந்த நெம்புகோல் என்னவோ, புதிய காருக்கு மூன்று ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் வரும் கட்டாய ஆய்வுதான். இந்தியாவில் போக்குவரத்து வாகனங்கள் தவறாமல் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்ட வேண்டியிருக்க, தனிநபர் கார் பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டு வரை எந்த ஆய்வாளரின் கண்ணிலும் படாமல் ஓட முடிகிறது. தடை கடுமையாக இருக்கும் இடத்தில் பார்வை இல்லை.

பிரிட்டனும் அமெரிக்காவும்

பிரிட்டனில் நம் ஜீப்பை உயர்த்த எவரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது மாற்றத்தை மறைக்கக் கூடாது. மறைத்தால் இழப்பீடு குறையலாம், சில சூழல்களில் ஒப்பந்தமே போகலாம். ஆண்டுச் சோதனையில் பிரேக், ஸ்டீயரிங், புகை ஆகியவை தேற வேண்டும். டீசல் வண்டியில் தயாரிப்பின்போது வைத்த துகள் வடிகட்டியைப் பிடுங்கிவிட்டால், 2014 பிப்ரவரியிலிருந்து அந்த ஒரு காரணத்துக்கே சோதனையில் தோல்வி.

அங்கே நெடுங்காலம் பின்பற்றிய மதிப்பெண் முறை தனிக் கவனத்துக்கு உரியது. வண்டியின் அடையாளத்தைப் பாகங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள்: சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் குறைந்தது 8 மூலப் பாகங்களாக மிஞ்ச வேண்டும், சேஸிஸும் மாறாதிருக்க வேண்டும். இல்லையேல் வண்டி பழைய பதிவெண்ணை இழந்து தனி ஒப்புதல் சோதனைக்குப் போக வேண்டும். எஞ்சினுக்கு ஒரே ஒரு மதிப்பெண் என்பதைப் பாருங்கள். எஞ்சின் எண்ணைப் புனிதமாகக் கருதிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். 2025 ஆகஸ்டில் அந்நாட்டுப் பதிவுத் துறை பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்கும் மின்மோட்டாருக்கு மாற்றுபவர்களுக்கும் விதிகளை மேலும் தளர்த்தியது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் யார் மாற்றுகிறார் என்று பார்க்கிறது. தயாரிப்பாளரோ விற்பனையாளரோ பழுதுபார்க்கும் தொழில் நடத்துபவரோ, பாதுகாப்புத் தரத்துக்காக வைத்த கருவி எதையும் செயலிழக்கச் செய்யக் கூடாது. உரிமையாளர் தன் வீட்டில் தானே செய்தால் அந்தத் தடை அவரைத் தொடுவதில்லை, மாநிலச் சட்டம்தான் தொடும். புகைக் கட்டுப்பாட்டில் மட்டும் நிலை வேறு: தூய காற்றுச் சட்டத்தின் 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தக் கருவிகளில் எவருமே கைவைக்கக் கூடாது. கலிபோர்னியாவில் புகையைப் பாதிக்கக்கூடிய மாற்றுப் பாகங்களுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் வேண்டும், அது பாகத்தின் மேலேயோ எஞ்சின் பகுதியிலோ ஒட்டப்பட்டிருக்கும். உயரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொன்று சொல்கிறது. முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் பாணி பரவியபோது, வட கரோலினா 2021 டிசம்பர் 1 முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று எண்ணாலேயே தடுத்தது. எந்த ஆபத்தைத் தடுக்கிறோம் என்பதும், அதை எப்படி அளப்பது என்பதும் ஒரே வரியில் அடங்கிய சட்டம் அது.

கண்ணாடி

கூலிங் பேப்பர் விவகாரத்தில் இந்தியாவிடமே அளவுகோல் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும். ஆனால் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணாடி தயாரிக்கும்போதே அந்த அளவு இருக்க வேண்டுமென்றும், மேலே எந்தப் படலமும் ஒட்டக் கூடாதென்றும் தீர்த்தது. அளவுக்குள் இருக்கும் படலத்துக்கும் அனுமதியில்லை. இங்கும் “தயாரித்தபோது எப்படி” என்ற கேள்வியே வென்றது. பின்னர் விதி 100 திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் அடுக்குடைய பாதுகாப்புக் கண்ணாடியும் அதில் சேர்ந்ததால், அளவைக் காக்கும் படலத்துக்கு அபராதம் விதிக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. சிங்கப்பூரில் முன்கண்ணாடிக்கும் முன் பக்கக் கண்ணாடிகளுக்கும் 70, பின்னுள்ளவற்றுக்கு 25. மலேசியாவில் 2019 முதல் முன்னே 70, முன் பக்கங்களில் 50, பின்னே வரம்பு இல்லை. ஓட்டுநர் எதன் வழியே சாலையைப் பார்க்கிறாரோ அதில் கண்டிப்பும் மற்றதில் விட்டுக்கொடுப்பும் என்பதே இவ்விரு நாடுகளின் பாங்கு.

இந்தியாவில் இல்லாத மேசை

மாற்றத்தைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முன்பம்பரில் பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பிகளை 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுக்கச் சொன்னது சரியான முடிவு. பாதசாரியின் இடுப்பெலும்பையும், வண்டிக்குள் காற்றுப்பை விரியும் நேரத்தையும் ஒரே இரும்புக் குழாய் கெடுத்துவிடக்கூடும். என் குறை வேறு. தீயதையும் தீங்கற்றதையும் பிரித்துப் பார்க்கும் கருவி இல்லாமல், இரண்டுக்கும் ஒரே 5,000 ரூபாயை விதிக்கும்போது, விளக்கை எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும்படி மாற்றியவரும், தரமான ஸ்பிரிங்கை முறையாகப் பொருத்தியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முறையாகச் செய்ய விரும்புபவருக்கு எந்தக் கூடுதல் பலனும் கிடைப்பதில்லை. பட்டறைகளும் ஆவணமில்லாமல் வேலை செய்யப் பழகிவிடுகின்றன.

இது இந்தியாவால் முடியாத காரியம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பேருந்தும் லாரியும் பெரும்பாலும் வெறும் சேஸிஸாகவே விற்பனையாகி, உடற்கட்டு வேறிடத்தில் கட்டப்படுகின்றன. நாமக்கல், கரூர் பட்டறைகளில் அந்தத் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. படிவம் 22அ-வில் ஒரு பகுதியைச் சேஸிஸ் தயாரிப்பாளரும் மறு பகுதியை உடற்கட்டுக் கட்டுபவரும் நிரப்புகிறார்கள். ஆக, ஒரு வண்டிக்கு இரண்டு கைகள் பொறுப்பேற்பதை நம் சட்டம் ஏற்கெனவே அறியும். மின்மோட்டார் மாற்றுக் கருவிகளுக்குத் தரநிர்ணயம் இருக்கிறது. அவற்றைச் சோதிக்கப் புனேயிலும் மானேசரிலும் சென்னையை அடுத்த ஓரகடத்திலும் ஆய்வு மையங்கள் இருக்கின்றன. இவை அனைத்தும் கருவியின் வகைக்கே ஒப்புதல் தருகின்றன. ஒற்றை வண்டியோடு வந்து நிற்கும் உரிமையாளருக்கான வழி அங்கே இல்லை.

ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப வண்டியை மாற்றியமைக்க, மாற்றிய பின்னரும் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்று 2019 திருத்தம் பிரிவு 52-இல் தனியே எழுதி வைத்தது. பிரேக்கைக் கையால் இயக்கும்படி மாற்றிய ஒரு காரை, மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்க்கிறார், பதிவுச் சான்றில் அது ஏறுகிறது. பிரேக்கைவிட உயிரோடு நெருங்கிய பாகம் வண்டியில் வேறில்லை. அதையே பார்த்து ஒப்புக்கொள்ளத் தெரிந்த அலுவலகம், 50 மில்லிமீட்டர் உயர்ந்த ஸ்பிரிங்கையும் பார்த்து ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கற்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று அதே திருத்தம் சேர்த்த வரி ஏற்கெனவே பிரிவு 52-இல் இருக்கிறது. டயர் அளவுக்கும் உயரத்துக்கும் சைலென்சருக்கும் ஜப்பானைப் போல வரம்பெண்களும், அவற்றைத் தாண்டும் வண்டிக்கு ஜெர்மனியைப் போல ஒரு தனி ஆய்வும் அந்த வரியின் கீழ் விதிகளாக வர வேண்டும்.